அப்பா துபாயில் இல்லை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் என்னிடம் வரும் சில பிள்ளைகளுக்கு ஒரே தொல்லை. படுக்கையில் சிறுநீர், காரணம் தெரியாத வயிற்றுவலி, வகுப்பில் வாயே திறப்பதில்லை. கையில் மந்திரித்த கயிறு ஏறி மாதக்கணக்காகியிருக்கும். அப்பா எங்கே என்றால் ‘துபாய்’. பையனை வெளியே அனுப்பினால் பாட்டி குரலைத் தாழ்த்துவார்: “புழல் ஜெயில்ல இருக்கான் டாக்டர்.”

துபாய் கதை

அப்பா சிறையில் இருப்பது தெரியாமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்கிறீர்கள். தெருவே அறிந்த சேதி வகுப்பறைக்கு வராதா? பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்லித் தெரிந்துகொள்ளும் பிள்ளை அதற்குப் பிறகு உங்களை நம்பாது. “அப்பா ஜெயில்ல இருக்காரு, அது உன்னால இல்ல.” ஐந்து வயதுக்கு இது போதும்.

சிறைக்கு மனு பார்க்கக் கூட்டிப்போனால் கெட்டுவிடுவான் என்பது அடுத்த கட்டுக்கதை. பார்க்காத அப்பாவைப் பற்றிப் பிள்ளை மனசுக்குள் கட்டும் கதை, கம்பிக்குப் பின்னால் நிற்கும் அப்பாவைவிடப் பயங்கரமானது.

‘வேலை இருந்தா மனசு மாறும்’ என்று, அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பையனைத் தறியில் கரை கோர்க்கும் கோர்வை வேலைக்கு உட்கார வைக்கிறார்கள். மனசு மாறாது, படிப்புதான் நிற்கும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டிய குற்றம் இது.

சிறையில் இருப்பது அம்மா என்றால், பிள்ளை ஆறு வயதுவரை கூடவே இருக்கலாம். அது கைதி அல்ல என்றும் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே வந்ததும் மாட்டைக் கண்டும் ஆண் குரலைக் கேட்டும் அது மிரண்டால் பேய் ஓட்டாதீர்கள். அதுவரை அவை அதற்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்தவர்

ராஜீவ் காந்தி கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூர் நம் மாவட்டம்தான். அந்த வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன் 2022 மே 18-இல் விடுதலையானார். இடையில் உடல்நலத்துக்காகவே பரோல் கேட்க வேண்டியிருந்தது. அதே வழக்கின் சாந்தன் 2022 நவம்பரில் விடுதலையாகியும் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, 2024 பிப்ரவரி 28-இல் சென்னையில் கல்லீரல் கெட்டு இறந்தார். வழக்கின் நியாயம் என் வேலையல்ல, சிறைக்குப் போனவர்களின் உடம்பைச் சொல்கிறேன்.

பதினைந்து வருஷம் உள்ளே இருந்தவர் கதவருகே நிற்பார், தானாகத் திறக்க மாட்டார். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டார். அதைத் திமிர் என்கிறீர்கள். வந்த வாரமே கோயில் கருடசேவைக் கூட்டத்துக்குள் இழுத்துப்போகிறீர்கள். தூக்கத்துக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் அல்பிரசோலம், அதற்கு மேல் டாஸ்மாக் சரக்கு! இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். விடுதலையான முதல் சில வாரங்களில்தான் சாவு அபாயம் அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

சங்கிலி போட்டு எங்காவது விட்டுவிடுவதும் வைத்தியமல்ல. 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகியவர்களை அதற்குள் மறந்துவிட்டோமா?

வெளியே வந்தவருக்குத் தேவை பரிசோதனை. சளி (காசநோய்க்கு), ரத்த அழுத்தம், சர்க்கரை, எச்.ஐ.வி., கல்லீரல்: எல்லாவற்றையும் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்.

கும்பிட்டுக் கேட்கிறேன்

கைதான வாரமே பிள்ளையைக் கூட்டிவாருங்கள். ஆறு மாதம் கழித்து வராதீர்கள். வெட்கமாக இருந்தால் முதலில் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். விடுதலையானவரையும் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். சிறை மருத்துவமனைச் சீட்டைக் குப்பையில் போடாமல் கொண்டுவாருங்கள், தயவுசெய்து. உள்ளே என்ன மாத்திரை ஓடியது என்பது அதில்தான் இருக்கிறது.