இரு கரை, இரு மழை

இலங்கைக்கு மேல்கரை ஒன்று, கீழ்கரை ஒன்று, மழையும் இரண்டு. சென்ற ஆடியில் அட்டனில் இறங்கிய நாம் குடை பிடித்தும் நனைந்தோம். மறுநாள் இரயிலேறி, 6,000 அடிக்கு மேலுள்ள பட்டிப்பொலையைத் தாண்டிக் குகையைக் கடந்தோமோ இல்லையோ, பளீரென்று வெயில்! தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணம் அவ்வறட்சியின் கொடையே. தை, மாசியில் கதை மாறும். அப்போது டிம்புள்ளத் தேயிலைக்கு நற்பருவம்.

பருவம் பார்த்துப் புறப்படுதல் பயணிகளுக்கு இயலும். இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்களுக்கோ எம்மழையும் வேலைநாளே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்ட தோட்டக் குடும்பங்களுள் பல, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எந்நாட்டுக் குடிகளுமாக இன்றி இச்சரிவுகளிலேயே வாழ்ந்தன.