பழுதறிந்து திருத்துதல்

திருத்தணிகை மலைக்கோயிலை நடந்து அடைவார்க்கு 365 படிகள் உள. ஆண்டின் நாளுக்கு ஒரு படியாக அவை அமைந்தன என்று மக்கள் கூறுவர். எத்துணை விரைவு உடையவராயினும் ஒரு படியைக் கடந்த பின்னரே அடுத்த படியில் கால் வைத்தல் இயலும். கருவிகளின் பழுதை நீக்கும் தொழிலும் அத்தகையதே. முதற்படி இன்னதென அறியாமல் கை வைப்பவர், சிறு பழுதைப் பெரும் பழுதாக்குவர்.

அம்மலையடிவாரத்தில் பூத்தொடுத்து விற்கும் தாய் ஒருத்திக்குப் பள்ளியில் பயிலும் மகள் ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அஃது அவள் தமக்கை மேல்நிலை வகுப்பிற் பயின்ற காலத்தில் அரசு விலையின்றி வழங்கியது. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் வழியே இத்தகைய கணினிகள் எண்ணற்ற எளிய இல்லங்களை அடைந்தன. தமக்கை பயன்படுத்திய கருவியில் இன்று தங்கை பாடம் பயில்கிறாள்.

ஒரு நாள் மாலை, மின்னேற்றியைச் செருகியும் கணினியின் விளக்கு எரியவில்லை. முனையைச் சற்று அசைத்தால் எரிந்தது; கையை எடுத்தால் அணைந்தது. அவள் தாளை மடித்து முனையின்கீழ் முட்டுக் கொடுத்தாள். விளக்கு எரிந்தது. பழுது நீங்கிவிட்டதென மகிழ்ந்தாள். ஆனால், சிறிது நேரத்தில் அவ்விடம் தொட முடியாதவாறு சுட்டது. அதன் காரணம் யாது?

சுவரிலிருந்து நாம் பெறுவது 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம். மின்னேற்றி அதனை ஏறத்தாழ 19 வோல்ட்டு நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. அதன் உருண்டை முனையின் உட்புறம் ஒரு முனையாகவும், வெளிப்புறம் மற்றொரு முனையாகவும் அமைந்துள்ளன. அம்முனையை ஏற்கும் கணினியின் துளையைக் கடைக்காரர் 'சார்ஜிங் ஜாக்' என்பர். அதனுள் நடுவே ஓர் ஊசியும், பக்கத்தே வில் போன்ற ஒரு தகடும் உள்ளன. நாள்தோறும் செருகி இழுப்பதால் தகடு தளரும், ஊசி ஆடும். அப்பொழுது தொடுமிடத்தில் மின்தடை மிகும். தடை மிகுந்தவிடத்து வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தின் அளவு, மின்னோட்டத்தின் இருமடியைத் தடையாற் பெருக்கக் கிடைப்பது. 3 ஆம்பியர் மின்னோட்டம் 1 ஓம் தடையைக் கடக்குமாயின், 9 வாட்டு வெப்பம் பிறக்கும். வீட்டு விளக்கு ஒன்று கொள்ளும் ஆற்றல் முழுதும் வேர்க்கடலை அளவிற்றாகிய இடத்தில் வெப்பமாக மாறினால், நெகிழி உருகாமல் என் செய்யும்? ஆதலின், முட்டுக் கொடுத்து ஓட்டுதல் திருத்தமன்று. தீங்கை வளர்த்தலே ஆகும்.

இனி, திருத்தும் முறையைக் காண்போம். முதலில் பழுது எங்குள்ளது என்பதைத் தெளிதல் வேண்டும். வேறொரு மின்வாயிலில் மின்னேற்றியைச் செருகிப் பார்க்க. பின்னர், மல்டிமீட்டர் என்னும் அளவுகருவியை அதன் உருண்டை முனையில் வைத்து, மின்னழுத்தத்தை அளக்க. மின்னேற்றியின்மேல் அச்சிட்ட அளவும் கருவி காட்டும் அளவும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். அளக்கும்போதே வடத்தை ஆங்காங்கே வளைத்துப் பார்க்க. அளவு மறைந்து மறைந்து தோன்றினால் வடமே அறுந்துள்ளது. கணினியைத் திறக்க வேண்டுவதில்லை. மின்னேற்றியின் பெட்டியையோ எக்காரணத்தாலும் திறத்தல் ஆகாது. மின்வாயிலினின்று எடுத்த பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

வடம் செவ்விதாக இருப்பின், குறை துளையிலேயே என்று கொள்ளலாம். கணினியைத் திறக்குமுன் அதனை அணைத்து, மின்னேற்றியை நீக்கி, மின்கலத்தையும் கழற்றுக. மின்கலம் உள்ளே பதிந்திருந்தால், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பையே முதலில் விடுவிக்க. அது வீங்கியிருக்கக் கண்டால், அழுத்தவோ குத்தவோ கூடாது. தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. திருகாணிகள் எல்லாம் ஒரே நீளத்தன அல்ல. குறுகிய துளையில் நீண்ட ஆணியை முடுக்கினால் உள்ளிருக்கும் பலகை சிதையும். ஆகவே, ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதற்குரிய இடத்தில் வைத்துக் கொள்க.

உள்ளே நோக்கினால் துளை இருவகையாக அமைந்திருத்தலைக் காணலாம். ஒருவகையில், துளை ஒரு சிறு வடத்தின் நுனியில் உள்ளது. வடத்தின் மறுநுனி தாய்ப்பலகையில் செருகப்பட்டிருக்கும். இதனை வீட்டிலேயே மாற்றலாம். கணினியின் அடியில் அச்சிட்ட எண்ணைக் குறித்துச் சென்று, அதற்குரிய வடத்தையே வாங்குதல் வேண்டும். திருத்தணியிற் கிட்டாவிடில், தொடர்வண்டியேறிச் சென்னைக்குச் சென்று, அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவில் தேடலாம். மின்னணு உறுப்புகள் விற்கும் கடைகள் அங்கே நிறைந்துள்ளன.

மற்றொரு வகையில், துளையின் கால்கள் தாய்ப்பலகையிலேயே ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டிருக்கும். காலைச் சுற்றி வட்டமாக ஒரு வெடிப்புத் தோன்றினால், பற்று விட்டுப்போயிற்று என அறிக. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்று 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் இல்லாத இக்காலப் பற்றுகள் பெரும்பாலும் 217 பாகை அளவில்தான் உருகத் தொடங்கும். தாய்ப்பலகையோ பல அடுக்குகளாலானது; சூட்டை விரைந்து உறிஞ்சுவது. சூடு குறைந்தால் பற்று ஒட்டாது. மிகுந்தால் பலகையின் செப்புக் கோடுகள் பெயர்ந்துவிடும். பழைய வானொலிப் பலகைகளில் பலகாற் பழகிய கையே இதனைச் செய்தல் தகும். பழகாதவர் தொழிலாளியை நாடுவதே நன்று. சி-வகை எனப்படும் சிறிய துளையின் கால்கள் மிக நுண்ணியவாதலின் அதற்கும் இவ்விதியே பொருந்தும்.

பூத்தொடுப்பவள் மகளின் கணினியில் இருந்தது வடத்தோடு கூடிய துளை. தன் ஆசிரியர் அருகிருக்க, அவள் புதிய வடத்தைப் பொருத்தினாள். மின்சாரத்தைச் செலுத்துமுன், துளையின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தடையை அளந்தாள். அது சுழியத்தையொட்டி இருந்திருப்பின், இரு முனைகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன என்பது பொருள். அவ்வாறில்லை எனத் தெளிந்தபின்னர் மின்கலத்தை இணைத்து, மூடியைப் பொருத்தி, மின்னேற்றியைச் செருகினாள். விளக்கு எரிந்தது, கையை எடுத்த பின்னும் எரிந்தது.

அன்று முதல் அவள் வடத்தைப் பற்றி இழுப்பதில்லை. முனையைப் பிடித்தே எடுக்கிறாள். செருகியபடியே கணினியை மடியிலும் படுக்கையிலும் வைப்பதில்லை. தாள் மடித்து வைத்த அன்று அவள் கண்டது பழுதின் அடையாளத்தை மட்டுமே. அளந்து பார்த்த அன்றே பழுதைக் கண்டாள். மாணவர்களே! ஒரு கருவி கெட்டவிடத்து, கையை நீட்டுமுன் கண்ணையும் கருத்தையும் செலுத்துங்கள். அதுவே முதற்படி. எஞ்சிய படிகளை ஏறுதல் எளிது.