உங்கள் வீட்டுக்கென்று ஒரு விலைவாசி

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதைவிடக் குறைந்த எண் அதற்குமுன் வந்ததில்லை. சரியாக ஓராண்டு முன்பு அதே எண் 6.21 ஆக இருந்தது. ஆனாலும் டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் பேச்சு மாறவில்லை. ‘சம்பளம் பதினைந்தாம் தேதியைத் தாண்ட மாட்டேன் என்கிறது’ என்பதுதான் அப்போதும் புலம்பல்.

அரசின் கணக்கும் சரி, மக்களின் புலம்பலும் சரி. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் தணிந்தது என்று பொருள். ஏற்கெனவே ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்த 0.25 காய்கறியும் பருப்பும் மலிந்ததால் கீழே வந்த எண். 2012 வரிசையில் உணவு, பானங்களுக்கு மட்டும் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கு எடை கொடுத்திருந்தார்கள். வீட்டு வாடகைக்குப் பத்து, கல்விக்கு நாலரை. எல்லாம் 2011-12இல் மக்கள் செலவழித்த விதத்தை வைத்துப் போட்டவை. தக்காளி விலை விழுந்தால் குறியீடு தடாலென்று இறங்கும். பள்ளிக் கட்டணம் ஏறினால் அதற்கு அவ்வளவாக உறைக்காது. 2026 பிப்ரவரியில் 2024ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்து, உணவின் எடை 37க்குச் சற்றுக் கீழே இறங்கியது. குறியீடு நடப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படியிருந்தாலும் அது நாடு முழுவதற்குமான சராசரி. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் வாடகை வீடு, நான்கு பேர், மாதச் செலவு 40,000 ரூபாய். வாடகை 13,000. மளிகை, பால், காய்கறி 12,000. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 5,000. பெரியவரின் மருந்து 1,500. மிச்சம் 8,500 மற்றதெல்லாம். ஓராண்டில் காய்கறி மலிந்து மளிகைச் செலவு 400 ரூபாய் குறைகிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் ஆயிரம் ஏற்றுகிறார், பள்ளி 500 ஏற்றுகிறது, மருந்து 100 கூடுகிறது. நிகரமாக 1,200 ரூபாய் அதிகம். அந்த வீட்டின் பணவீக்கம் 3 சதவீதம். தொலைக்காட்சியில் கால் சதவீதம் என்று சொல்லும்போது அந்த வீட்டுக் குடும்பத் தலைவிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வரவு செலவு எழுதுவதன் முதல் பயன் இதுதான். உங்கள் வீட்டுக்கென்று இருக்கும் விலைவாசி என்ன, அது எந்த வரியில் ஏறுகிறது என்று தெரிய வேண்டும். சிக்கனமெல்லாம் அதற்கு அப்புறம்.

மொய் நோட்டு எழுதுகிறோமே

கணக்கு எழுத நம்மவர்களுக்குச் சோம்பல் என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்து நடத்தும் வீடுகளைப் பாருங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் வரி பிசகாமல் இருக்கும். தகப்பன் வாங்கிய மொய்யை மகன் நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறான். எழுதாவிட்டால் பணமும் போகும், மானமும் போகும் என்று தெரிந்த இடத்தில் ஒழுங்காகவே எழுதுகிறோம். வீட்டுச் செலவில் அந்தப் பயம் இல்லை. போன பணத்தை யாரும் வந்து கேட்பதில்லை.

எழுதுவதற்கு நாற்பது பக்க நோட்டு போதும். செல்போன் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை நான் நம்ப மாட்டேன். முப்பது தலைப்பு போட்டுப் பிரித்தால் மூன்றாம் வாரம் நோட்டு மூலைக்குப் போய்விடும். வாடகை, கடன் தவணை, சாப்பாடு, பிள்ளைகள், உடம்பு, போக்குவரத்து, மற்றவை என்று ஏழெட்டுத் தலைப்பு தாராளம்.

சிக்கல் எல்லாம் யூபிஐயில்தான். 2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுக்க 2,000 கோடி யூபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. எல்லாம்தான் போனில் பதிவாகிறதே, தனியாக எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கடையின் பெயர் பல இடங்களில் இருக்காது. உரிமையாளரின் பெயரும் இனிஷியலும் இருக்கும். பன்னிரண்டாம் தேதி 180 ரூபாய் வாங்கிய அந்த நபர் பழக்கடைக்காரரா, ஆட்டோக்காரரா என்று யாருக்கு நினைவிருக்கும்? பின் எண் போடாமல் செலுத்தும் யூபிஐ லைட் இன்னும் மோசம். அதில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை செலுத்தலாம். வங்கி பாஸ்புக்கில் பணம் ஏற்றியது மட்டும் ஒற்றை வரியாக வரும். அந்த ஐயாயிரம் எந்தெந்தக் கடைக்குப் போனது என்பது செயலிக்குள் தேடினால்தான் கிடைக்கும். ஆகவே அன்றைய செலவை அன்றிரவே எழுதிவிடுவதுதான் வழி.

அடுத்தது, மாதா மாதம் வராத செலவு. ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், சொத்து வரி, குலதெய்வம் கோயில் பயணம், முகூர்த்த மாதங்களில் வரிசையாக வரும் கல்யாண மொய். ஒவ்வொன்றும் வரும்போது ‘இந்த மாதம் மட்டும்தான்’ என்று தோன்றும். அந்த ‘மட்டும்’ வருடத்தில் ஏழெட்டு மாதம் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவில் ஒரு வரியாகச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்குதான். கணவரின் டாஸ்மாக் செலவும் சிகரெட்டும் ஏறாத நோட்டும் அப்படியே. பல வீடுகளில் மனைவி எழுதும் நோட்டில் கீரைக்கட்டு வரை இருக்கும், கணவரின் பாக்கெட்டிலிருந்து போனது இருக்காது.

எங்கே குறையும்?

டீயை நிறுத்து, மாதம் 900 ரூபாய் மிச்சம் என்று சொல்கிற யோசனைகளில் எனக்கு மரியாதை கிடையாது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு டீ குடிக்கும் பத்து நிமிடம்தான் ஓய்வு. வட்டி, மின்சாரம் போன்ற பெரிய வரிகளில் கை வைத்தால்தான் கையில் ஏதாவது நிற்கும்.

முதலில் வட்டி. கிரெடிட் கார்டு பாக்கியில் ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டி வருபவர்கள் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 20,000 ரூபாய் பாக்கிக்கு 700 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 826. அசல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மளிகையில் எவ்வளவு பேரம் பேசினாலும் இந்த 826ஐ ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது மின்சாரம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட் என்ற கோடு எவ்வளவு முக்கியம் என்பது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணப்படி 500க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அடுத்த நூறுக்கு 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். கோட்டைத் தாண்டி 501 ஆனால், அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. ஒரே யூனிட்டுக்காக பில் 240 ரூபாய்க்குக் குறையாமல் கூடுகிறது. அதற்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8.40.

கணக்கெடுத்த முப்பதாம் நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை பாருங்கள். 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த முப்பது நாளில் சுதாரிக்க இடமிருக்கிறது. ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி திறன் பணியகம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி விசிறி 35க்குள். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட் வித்தியாசம். மூன்று விசிறி என்றால் நூறு யூனிட்டுக்கு மேல். 580 யூனிட் ஓடும் வீடு இதிலேயே கோட்டுக்குக் கீழே வந்துவிடும்.

மளிகையில் பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கம். பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்கும், கிராம்தான் குறையும். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டம். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். பெரிதாக வாங்கினால் மலிவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. ஷாம்புவில் பல பிராண்டுகளுக்குப் பாட்டிலைவிட சாஷேதான் மில்லிக்கு மலிவு. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய்க்கெல்லாம் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரியே இல்லை. பழைய விலையையே பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டை வைத்திருந்தும் வரிசையில் நிற்கக் கூச்சப்படும் நடுத்தர வீடுகள் நிறைய. மாதம் இருநூறு ரூபாய்க்குக் குறையாத கூச்சம் அது.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. நெருக்கடி வந்தால் நம் வீடுகளில் முதலில் நிற்பது அம்மாவின் மாத்திரை, அடுத்து குழந்தைக்கு வாங்கும் முட்டை, மூன்றாவது மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். யாரும் கேள்வி கேட்காத செலவுகள் என்பதால் எளிதாகக் கை அங்கே போகிறது. நோட்டில் இந்த மூன்று வரிகளும் போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால், அதை மிச்சம் என்று எழுதாதீர்கள்.

வரும் முதல் தேதியில் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் எதையும் வெட்ட வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். கார்டு பாக்கி இருப்பவர்கள் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். அதை இந்த மாதமே அடைக்கப் பாருங்கள்.