நகல் சர்வரை மறுபடி கட்டினோம்

நம்ம லேப்பில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் ஒரே பாஸ்வேர்டு செல்லுகிறதே, எப்படி? பெயர், பாஸ்வேர்டு எல்லாம் ஓபன்எல்டாப் டைரக்டரியில் இருக்கிறது. மூல சர்வர் ஒன்று. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் நகல் சர்வர் ஒன்று. முன்வரிசை மூலத்தைக் கேட்கும், பின்வரிசை நகலைக் கேட்கும்.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு கோளாறு. பாஸ்வேர்டு மாற்றியவர்களுக்கு முன்வரிசையில் புதியது செல்லுகிறது, பின்வரிசையில் பழையது! பூட்டை மாற்றிய பிறகும் பழைய சாவி திறக்கிறது என்றால் சும்மா விடலாமா?

இரண்டு சர்வரிலும் 'காண்டெக்ஸ்ட் சிஎஸ்என்' பார்த்தோம். கடைசி மாற்றத்தின் நேர முத்திரை அது. நகலில் 9 நாள் பழசு. காரணம் லாக்கில் கிடைத்தது: டேட்டாபேஸில் இடமில்லை. எம்டிபி வகையில் உச்ச அளவை நாம் சொல்லாவிட்டால் 10 எம்பிதான். மூலத்தில் 1 ஜிபி வைத்தவர்கள் நகலில் மறந்துவிட்டார்கள்.

அளவை ஏற்றியும் சில பதிவுகள் வரவில்லை. ஆகவே புதிதாகவே கட்டினோம். மூலத்தில் ஸ்லாப்கேட் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக எடுத்தாயிற்று. அடுத்து நகலில் ஸ்லாப்டியை நிறுத்தி, பழைய டேட்டாவை வேறு ஃபோல்டருக்குத் தள்ளவேண்டும். இரண்டு விண்டோவும் ஒரே மாதிரி. மூலத்தில் தட்டிவிட்டால் எல்லார் கணக்கும் போச்சு. "ஹோஸ்ட்நேம் அடிச்சுப் பாருடா தம்பி" என்றார் லேப் அண்ணன். அடித்தேன். மூலம்தான்! வேர்த்துவிட்டது.

விண்டோ மாறி, ஸ்லாப்ஆடில் ஏற்றினோம். ஸ்லாப்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ரூட்டாக ஏற்றியதால் ஃபைல்கள் ரூட் பேரில் இருந்தன. ஸ்லாப்டியின் யூசருக்கு மாற்றியதும் ஓடியது. இரு முத்திரையும் ஒன்றாயின. பின்வரிசையில் உட்கார்ந்து என் பழைய பாஸ்வேர்டை அடித்தேன். உள்ளே விடவில்லை.