சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி

1980களின் தொடக்கத்தில் இணையத்திலிருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான சிறு குழு அதைப் பராமரித்தது. புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கணினிகள் பெருகி அந்தக் கோப்பு தாங்காமல் போனபோது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டொமைன் (இணையப் பெயர்) முறை வந்தது. 1985 மார்ச் 15இல் சிம்பாலிக்ஸ் நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அந்த ஆண்டு பதிவான டாட் காம் பெயர்கள் பத்தைக்கூடத் தொடவில்லை. இன்று அவை 15 கோடிக்கு மேல்.

1995 செப்டம்பர் வரை பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். அப்போது டாட் காம் பதிந்து தந்தது ஒரே நிறுவனம். 1999இல் போட்டி வந்தது, விலை இறங்கியது. இந்தியாவின் டாட் இன் 2004 வரை மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் கடும் விதிகளோடு இருந்தது. அதுவரை பதிவானவை சுமார் 7,000 பெயர்களே. 2005இல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சி பொறுப்பேற்று விதிகளைத் தளர்த்தியது. இப்போது டாட் இன் பெயர்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

1990களில் தனிமனிதர் பலருக்குச் சொந்த டொமைன் எட்டாத செலவு. ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் பலர் பக்கம் அமைத்தார்கள். முகவரி நீளமானது; அதுவும் இரவல். 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோது பக்கங்களோடு முகவரிகளும் போயின. இன்று சொந்தப் பெயர் இருந்தால், தளத்தை எந்த நிறுவனத்துக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. யு.பி.ஐ.யில் பணம் கட்டினால் சில நிமிடங்களில் பெயர் கைக்கு வருகிறது.

ஆனால் விரும்பிய பெயர் எளிதில் கிடைப்பதில்லை. அன்று பெயர்கள் காலியாகக் கிடந்தன, வாங்க ஆளில்லை. இன்று ஆளிருக்கிறது, பெயரில்லை. சிறிய, அழகிய பெயர்களைப் பிடித்துவைத்து லட்சங்களில் விற்போர் உண்டு. இனிஷியலைச் சேர்த்தும் ஊரைச் சேர்த்தும் தேட வேண்டியிருக்கிறது. டாட் காம் கிடைக்காவிட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிற விகுதிகள் இருக்கின்றன. 2010, 2011 ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா எனத் தமிழ் எழுத்திலேயே விகுதிகள் வந்தன. இவற்றை ஏற்க மறுக்கும் இணையப் படிவங்கள் இன்னும் இருக்கின்றன.

முன்பு பெயரைப் பதிந்தவரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஹூயிஸ் என்ற பொதுப் பட்டியலில் எவர் கண்ணுக்கும் தெரிந்தன. 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலும் அவை மறைக்கப்படுகின்றன. தனிமனிதருக்கு இது பாதுகாப்பு. போலித் தளத்தின் பின்னால் இருப்பவருக்கும் அதே திரைதான்.

மாறாத ஒன்றும் உண்டு: பெயர் விலைக்கு வருவதில்லை, வாடகைக்கே வருகிறது. ஒரே தடவையில் அதிகம் போனால் 10 ஆண்டு. முதலாண்டுச் சலுகையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். தளம் அமைத்துத் தருபவரின் கணக்கில் விடாமல், உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். தவணை தவறினால் சில வாரக் கெடுவுக்குப்பின் அந்தப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.