புது பொம்மை விமானம் 'போர் பார்த்தது' எப்படி? கல் உப்பும் கரித்தூளும் செய்யும் வேலை!

பரளச்சி:

பரளச்சி, திருச்சுழி பக்கம் வெட்டவெளியில் நிற்கும் டிராக்டரை பார்த்தாலே அதன் வயசு தெரிந்துவிடும். பானெட் வெளுத்திருக்கும். டிரைவர் கால் வைத்து ஏறும் இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கும். சைலன்சர் பக்கம் கரி அப்பியிருக்கும்.

இதே கணக்கில்தான் பிளாஸ்டிக் விமானம் செய்கிறவர்களும் வேலை பார்க்கிறார்கள். 2-ம் உலகப் போரில் பறந்த விமானம் அன்றைக்கு எப்படி வெளுத்து, உரிந்து, புகை படிந்து நின்றதோ, அதை அப்படியே கையகல பொம்மையில் கொண்டு வருகிறார்கள். இது உலகம் முழுக்க பல ஆயிரம் பேருக்கு பொழுதுபோக்கு.

நம்ம பக்கம் இருந்த விமான தளங்கள்

அந்தப் போருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கயத்தாறிலும், ராமநாதபுரம் உச்சிப்புளியிலும் போர்க்கால ஓடுதளங்கள் இருந்தன. உச்சிப்புளியில் இப்போது இருப்பது ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம். கோவை சூலூரில் பிரிட்டிஷ் கடற்படை தளம் போட்டிருந்தது.

இந்திய விமானிகளும் சண்டை போட்டார்கள். 1944-ல் இம்பாலில் ஜப்பான் படையை எதிர்த்து ஹரிக்கேன் விமானங்களுடன் பறந்த 1-வது படைப்பிரிவுக்கு தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். அதற்காக வீர விருது வாங்கினார். 1965 போரில் நமது விமானப்படைக்கே தளபதியாக இருந்தவரும் இவர்தான்.

40 அடி, 10 அங்குலம் ஆனது

ஹரிக்கேனின் இறக்கை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை 40 அடி. 48-ல் ஒரு பங்காக சுருக்கினால் 10 அங்குலம். இங்கேதான் கவனம் தேவை. பொம்மையில் கடுகு அளவுக்கு பெயிண்ட் உரிந்த மாதிரி புள்ளி வைத்தால், நிஜ விமானத்தில் அது உள்ளங்கை அகல ஓட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு ரூபாய் காசு அளவு உரிசல் காட்ட அரை மில்லி மீட்டர் புள்ளி போதும்.

செய்முறை என்ன?

உரிசல்: முதலில் அலுமினிய நிறம் அடித்து நன்றாக காய விட வேண்டும். பெயிண்ட் தேயும் இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு, பொடித்த கல் உப்பை தூவ வேண்டும். உப்பு காய்ந்து ஒட்டியதும் மேலே பச்சை, மண் நிறங்களை ஸ்பிரே செய்ய வேண்டும். பிறகு உப்பை தேய்த்து எடுத்தால் அடியில் இருக்கும் வெள்ளி நிறம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அம்புட்டுதான்!

வெளுப்பு: அருப்புக்கோட்டை சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது சொல்லியே தர வேண்டாம். அடித்த பச்சையிலேயே சில சொட்டு வெள்ளை கலந்து, தகடுகளின் நடுப்பகுதியில் லேசாக ஊத வேண்டும். ஓரம் அடர்ந்தும் நடுவில் வெளுத்தும் நிற்கும்.

புகை: ஹரிக்கேன் என்ஜினுக்கு 12 சிலிண்டர். இரண்டு பக்கமும் புகைக்குழாய். சுண்ணக்கட்டி தூளையோ, நம்ம ஊர் சீமைக்கருவேல கரியை மாவாக்கியோ, பிரஷில் தொட்டு முன்னிருந்து பின்னால் இழுத்தால் புகைத் தடம் தயார். துப்பாக்கி வாய்களுக்கு பின்னாலும் இதே வேலைதான்.

ஸ்பிரே அடிக்கும்போது முகமூடி கட்டாயம். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும்.

துணியில் வெள்ளி தெரியுமா?

புதிதாக செய்கிறவர்கள் ஆர்வத்தில் விமானம் முழுக்க வெள்ளி புள்ளி வைத்துவிடுவார்கள். ஹரிக்கேனின் உடம்பில் பின்பாதி தகடு அல்ல, துணி போர்த்தியது. துணி அழுக்காகும், வெளுக்கும், கிழியும். அங்கே அலுமினியம் எப்படி தெரியும்? மாஸ்கிட்டோ என்ற விமானமோ பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஜப்பான் விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு இல்லாமல் தகட்டிலேயே பச்சை அடித்ததால், பாளம் பாளமாக உரிந்தன. எந்த விமானம், எதனால் செய்தது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

உயிர் காக்க அழித்த சிவப்பு

பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச் சின்னத்துக்கு நடுவில் முதலில் சிவப்பு இருந்தது. ஜப்பான் சின்னமும் சிவப்பு வட்டம். பறக்கிற வேகத்தில் சிவப்பு கண்ணில் பட்டால் சொந்த ஆளே சுட்டுவிடும் ஆபத்து. அதனால் இந்தியா, பர்மா பக்கம் பறந்த விமானங்களில் சிவப்பை அழித்துவிட்டு, இரண்டு வகை நீலத்தில் வட்டம் போட்டார்கள். புதுசாக பெயிண்ட் அடித்த அந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிட அடர்த்தியாக தெரியும்.

1944 இம்பால் விமானம் என்று சொல்லிவிட்டு சிவப்பு வட்டம் வைத்தால் மொத்த உழைப்பும் வீண்.

நிஜ ஹரிக்கேனை பார்க்க ஆசையா? டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் காட்சிக்கு வைக்கும் விமானங்களுக்கு புது பெயிண்ட் அடிப்பது வழக்கம். அதனால் உரிசலுக்கும் கறைக்கும் போர்க்கால போட்டோக்களைத்தான் நம்புகிறார்கள். அதிலும் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை என்பது குறிப்பிடத்தக்கது.