உங்கள் இடுப்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனி மூட்டு?

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவரிடம் என்ன மூட்டு வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஃபாரின் மூட்டு" என்பார். கம்பெனி, அளவு, எண் எதுவும் தெரியாது. மருந்துக்கடை ரசீதுகூடப் பையில் இருக்கும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு இருக்காது.

பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் அமைந்தவர்களுக்கு இந்த அலட்சியம் இன்னும் ஆபத்து. இவர்களில் பெண்களே அதிகம். "லேசா சாய்ஞ்சு நடக்கிறா" என்று சிறுவயதில் விட்டுவிடுகிறோம். பிற்பாடு தொடை இடுக்கில் தொடங்கும் வலி முழங்காலிலும் தெரியும். உடனே முழங்காலைப் படம் பிடித்து, எண்ணெய்க் கட்டு, வலி மாத்திரை என்று வருடங்கள் ஓடும். இரண்டு இடுப்பும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே எடுத்தால் போதும், கிண்ணத்தின் குறை தெரிந்துவிடும்.

கிண்ணத்துக்கு மேற்கூரை போதாதவர்களுக்கு, மூட்டு மாற்றும்போது வெட்டியெடுத்த அவர்களுடைய தொடையெலும்புப் பந்தையே செதுக்கி, ஸ்குரூ போட்டு அங்கே பொருத்துவது வழக்கம். அந்த எலும்பு ஒட்டிப் பிடிக்கும்வரை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் காலை ஊன்றக் கூடாது. வலி இல்லை என்பதற்காக வாக்கரை மூலையில் போடாதீர்கள். குட்டையான காலை ஒரேயடியாக நீட்டினால் நரம்பு பாதிக்கப்படலாம். எவ்வளவு நீட்டப்போகிறார்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போங்கள். இதைச் சேர்க்கைக்கு முன்பே செய்ய வேண்டும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பில்லைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்; இது முன் அனுமதி வாங்கிப் பணமில்லாமல் சிகிச்சை பெறும் திட்டம். அனுமதிக் கடிதத்தில் எலும்பு வைத்துப் பொருத்துவதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு "ஸ்குரூவுக்குத் தனி" என்று நீட்டுவார்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

இனி, எந்தக் கம்பெனி மூட்டு என்று சொல்லும் ஸ்டிக்கர். மூட்டுப் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டீப்யூ தனது ஏஎஸ்ஆர் மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அதை வைத்து ஏறத்தாழ 4,700 அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. இழப்பீடு பற்றி ஆராய மத்திய அரசு குழு போட்டபோது அந்த நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கையில் ஒட்டுத்தாள் இருந்தால், யாரும் தேடி வராவிட்டாலும் நீங்களே போய்க் கேட்கலாம்.

மருத்துவமனை ஒட்டுத்தாளையோ குறிப்புகளையோ தர மறுத்தால் எழுத்துமூலம் கேளுங்கள். மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. "ரெக்கார்டு செக்‌ஷன் லீவு" என்ற பதிலுக்குத் திரும்பி வராதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கெடு. அங்கே முதலில் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.